கருங்கல் என்னும் சொல்லும் பாறையின் பிறப்பும்

‘கருங்கல்’ என்ற சொல்லின்மீது ஒரு வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கிறது. அச்சொல்லைப் படைத்து வழங்கிய கல்தச்சர்மீதும் கொத்தர்மீதும் இவ்வழக்கு இல்லை. அவர்களிடமிருந்து அதை எடுத்து வந்து அறிவியல் பாடத்தில் வைத்த நம்போன்ற ஆசிரியர்மீதும் மொழிபெயர்ப்பாளர்மீதுமே வழக்கு.

‘கிரானைட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கு வரினும் அதற்கு நேராகக் ‘கருங்கல்’ என்று எழுதிவிடுவது நம்மிடையே பழகிப்போன செயல். பினாங்குத் தீவின் மலைகள் கிரானைட்டால் ஆனவை. ஆகவே கொடிமலை ஒரு கருங்கல் மலை என்று வகுப்பில் சொல்கிறோம். ஆயர் ஈத்தாமில் மலை இரயில் புறப்படும் இடத்தருகே, புதிதாக உடைந்த ஒரு பாறைத் துண்டை எடுத்து மாணவன் ஒருவன் நம்முன் நீட்டி, “ஐயா, இது வெள்ளையாக அல்லவா இருக்கிறது?” என்று கேட்டால் என்ன விடை சொல்வது? அவன் கேட்பது நியாயம். அந்தக் கல்லின் பெரும்பகுதி வெண்மையும் வெளிர்சாம்பல் நிறமும் கொண்டது. அதில் கறுப்பு என்பது மிளகைத் தூவினாற்போல் ஆங்காங்கே தெரியும் புள்ளிகளே. ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் ‘கருநீர்’ என்று பொருள். கருநீர் என்ற பெயர்கொண்ட ஊரில் வெண்கல்லைக் கருங்கல் என்று கற்பித்துக் கொண்டிருக்கிறோம்.

இது நிறத்தைப் பற்றிய சிறு பிழை மட்டுமாயின் அதற்காக ஒரு கட்டுரை எழுத வேண்டுவதில்லை. நிறத்துக்குப் பின்னே பாறை எவ்வாறு பிறந்தது என்ற பெரிய கேள்வி நிற்கிறது. இரு வேறு பிறப்புடைய கற்களுக்கு ஒரே பெயரிட்டு, அவ்விரண்டின் வரலாற்றையும் நாம் அழித்துவிடுகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் இச்சொல் எந்தக் கல்லைப் பார்த்துப் பிறந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் சென்றவர்கள் அங்குள்ள கல்லைக் கண்டிருப்பர். சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி மலை ஆகியவற்றிலும் அதன் இனத்தைக் காணலாம். அது மெய்யாகவே கருங்கல். கருமையிலும் ஒருவகை நீலமும் பச்சையும் கலந்து, உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பு இருக்கும். ஜல்லி உடைக்கும் ஆலைகளின் பலகைகளில் ‘புளூ மெட்டல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இது என்ன நீல உலோகம் என்று மயங்கியவர் உண்டு. கல்லுக்கு ‘மெட்டல்’ என்று பெயர் சொன்னது சாலை போட்ட வெள்ளைக்காரர் வழக்கு. நீலம் என்றது மட்டும் கண்ணால் கண்ட உண்மை. இத்தகைய கல்லைத் தினமும் பார்த்து வாழ்ந்த மக்கள் அதற்குக் கருங்கல் என்று பெயரிட்டதில் வியப்பில்லை. கப்பலேறி வந்தபோது மக்கள் மொழியையும் உடன் கொண்டுவந்தனர். மொழியோடு இச்சொல்லும் வந்து, கொடிமலையின் வெண்கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே புலவர் ஒருவர் குறுக்கிடக்கூடும். கருமை என்பதற்கு நிறம் மட்டுமா பொருள்? கொல்லனுக்கு அடையாக வரும் ‘கருங்கை’ என்பதற்கு வலிய கை என்று உரையாசிரியர் பொருள் கூறவில்லையா? அவ்வாறே கருங்கல் என்பது வலிய கல் ஆகலாமே என்பார். மற்றொருவர், எள்ளின் நெய்யாகிய எண்ணெய் இன்று தேங்காய்க்கும் நிலக்கடலைக்கும் மண்ணிலிருந்து எடுப்பதற்கும் பொதுப்பெயர் ஆகிவிடவில்லையா, கருங்கல்லும் அப்படிப் பொதுவாகி வன்மையான கல் எல்லாவற்றையும் குறிக்கட்டுமே என்பார். இரண்டும் தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. இவற்றுக்கு விடை கூறுமுன் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பல்லாவரத்துக் கல்லுக்கு அறிவியலில் ஒரு தனிப்பெயர் உண்டு. அப்பெயர் வந்த கதை வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜாப் சார்னாக் என்பவர் 1693-இல் கல்கத்தாவில் இறந்தார். தூய யோவான் ஆலய வளாகத்தில் உள்ள அவரது கல்லறையின்மேல், சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற ஒரு கல் பதிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கல் அதுவரை பெயர்பெற்ற எந்தப் பாறை வகையிலும் அடங்காமையால் அதற்குச் ‘சார்னோக்கைட்டு’ என்று பெயரிட்டார். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகுகாலம் போற்றப்பட்ட சார்னாக்கிடமிருந்து அந்தப் பட்டத்தைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது. நகரம் அவர் கையைவிட்டுப் போனாலும் கல் போகவில்லை. உலகெங்கும் இவ்வினப் பாறையை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். பல்லாவரத்துக் கல்லுக்குப் பல்லாவரத்தின் பெயர் கிடைக்காமற் போனதை எண்ணி நாம் சிறிது வருந்தலாம்.

ஹாலந்து செய்த வேலையின் சிறப்பு பெயரிட்டதில் இல்லை. படித்துக் காட்டிய முறையில் இருக்கிறது. கல்லின் சிறு சில்லை எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு நுண்பெருக்கியில் வைத்தால், கரிய கல் என்று நாம் கண்டது பல நிறக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்த சாளரம்போல விரியும். இந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி வளர்த்தார். ஹாலந்து கண்டவை வெங்கச்சங்கல் என்று நம்மவர் கூறும் குவார்ட்ஸ், ஃபெல்சுபார், இரும்புக் கனிம மணிகள், இவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற ஒரு கனிமம். முதல் மூன்றும் கிரானைட்டிலும் உள்ளவை. நான்காவதே புதுமை. கிரானைட்டில் கறுப்புப் புள்ளியாக இருப்பது பெரும்பாலும் பயோட்டைட்டு, அதாவது நம்மவர் காக்காப்பொன் என்று கூறும் அப்பிரகத்தின் கரிய இனம். பல்லாவரத்துக் கல்லிலோ அவ்விடத்தில் ஹைப்பர்ஸ்தீன் நிற்கிறது.

ஒரு கறுப்புப் புள்ளி போய் வேறொரு கறுப்புப் புள்ளி வந்தால் என்ன என்று கேட்கலாம். வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பயோட்டைட்டின் கட்டமைப்புக்குள் நீரின் கூறு சேர்ந்திருக்கிறது. ஹைப்பர்ஸ்தீனில் நீர் கிடையாது. பயோட்டைட்டும் குவார்ட்சும் சேர்ந்து ஏறத்தாழ 800 பாகைச் சூட்டில் ஒன்றோடொன்று வினைப்பட்டால் ஹைப்பர்ஸ்தீனும் பொட்டாசியம் ஃபெல்சுபாரும் உண்டாகி நீர் வெளியேறிவிடும். எனவே, ஒரு கல்லில் ஹைப்பர்ஸ்தீனும் குவார்ட்சும் அருகருகே அமைதியாக இருக்கக் கண்டால், அக்கல் மிகுந்த வெப்பத்தையும் வறட்சியையும் கண்ட கல் என்று கொள்ளலாம். பூமியின் மேலோட்டில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் நிகழத்தக்க செயல் அது. ஆயர் ஈத்தாம் கல்லோ பயோட்டைட்டுக் கல். அதன் குழம்பில் நீர் இருந்தது. நீர் கலந்த கிரானைட்டுக் குழம்பு 700 பாகைக்குக் கீழேயும் உருகிய நிலையில் இருக்கக்கூடும் என்பதை டட்டிலும் போவனும் 1958-இல் வெளியிட்ட சோதனைகள் நிலைநாட்டின. ஒரு கல் நீரோடு பிறந்தது. மற்றது நீரை இழந்து நிற்பது. அகவையிலும் இரண்டும் எட்டாத் தொலைவில் உள்ளன. சென்னைப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்துக் கிரானைட்டு ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது பாட்டனையும் பேரனையும் ஒரே ஆள் என்பதினும் பெரிய தவறு, ஏனெனில் இவை உறவுகூட இல்லை.

இனி ஹாலந்தின் நூலுக்கு வருவோம். 1893-இன் சிறு கட்டுரைக்குப்பின், 1900-இல் ‘சார்னோக்கைட்டுத் தொகுதி’ பற்றிய பெருநூலை இந்திய நிலவியல் துறையின் வெளியீடாக அவர் தந்தார். இன்று படித்தாலும் அதன் வருணனைகள் மங்கவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மை அதில் உண்டு. எனினும் அந்நூலின் அடிப்படைக் கோட்பாடு ஒரு பெரும் பலவீனம் உடையது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கங்களிலும் தென்னாட்டு மலைகளிலும் ஹைப்பர்ஸ்தீன் உள்ள பாறைகள் பலவற்றை ஹாலந்து கண்டார். வெளிறியவையும் உண்டு, நடுத்தரமானவையும் உண்டு, முற்றும் கறுத்தவையும் உண்டு. எல்லாவற்றிலும் அந்த ஒரு கனிமம் இருந்ததால், எல்லாம் ஒரே எரிகுழம்பிலிருந்து படிப்படியாகப் பிரிந்து வந்த ஒரு குடும்பம் என்று முடிவு கட்டினார்.

இதில் இரண்டு துணிபுகள் பிணைந்திருக்கின்றன: இப்பாறைகள் குழம்பாகப் பிறந்தவை என்பது ஒன்று, எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அவர் களத்தில் கண்ட சான்றுகள் சில உண்டு. இரண்டாவதற்குச் சான்று பெரும்பாலும் அந்தப் பொதுக் கனிமமே. ஒரு சொல் இரண்டு நூல்களில் வந்துவிட்டால் இரண்டையும் ஒருவரே இயற்றினார் என்று நாட்டுகிற ஆராய்ச்சியாளரை நாம் அறிவோம். ஹாலந்தின் வாதமும் அதற்கு நெருங்கியதுதான். ஹைப்பர்ஸ்தீன் ஒரு குடும்பத்தின் அடையாளமாக இருக்கலாம். அல்லது, வேறு வேறு குடும்பத்தார் யாவரும் ஒரே வெப்பத்தில் நின்றதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரே மழையில் நனைந்தவர் எல்லாரும் உடன்பிறந்தார் ஆவாரோ?

பின்லாந்து நாட்டு அறிஞர் பென்டி எஸ்கோலா, பாறை முதலில் எதுவாக இருந்தாலும், குறித்த வெப்ப அழுத்தத்தில் நெடுங்காலம் இருந்தால் அந்நிலைக்குரிய கனிமக் கூட்டத்தை ஏற்கும் என்ற கருத்தை 1915-ஐ ஒட்டி வகுத்தபோதே ஹாலந்தின் இரண்டாம் துணிபு ஆட்டம் கண்டது. பின்னர் ஹவி என்பவர் சென்னைப் பாறைகளின் வேதியியலை விரிவாக ஆராய்ந்து 1955-இல் ஒரு முடிவு கூறினார். இவை முதலில் குழம்பிலிருந்து இறுகியவை; பிறகு ஆழத்தில் திண்ம நிலையிலேயே, மிக மெதுவாக, மீண்டும் படிகமாயின என்றார். அதாவது இக்கல்லுக்குப் பிறப்பு இரண்டு. பறவைக்கும் பல்லுக்கும் ‘இருபிறப்பு’ என்று நிகண்டு நூலார் பெயர் தருவர். அப்பெயர் இதற்கும் பொருந்தும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1959-இல், இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்துக்கே திரும்பிச் சென்று ஹாலந்தின் மூலத்தையே மறுபடி வாசித்தார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் விமரிசனம் அது. ஹாலந்து ஒரே தொகுதியில் கோத்தவற்றை அவர் பிரித்தார். குவார்ட்சும் ஃபெல்சுபாரும் மிகுந்த சார்னோக்கைட்டு தனி. அதனோடு கிடக்கும் கரிய பாறைகள் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பக்கத்தில் பதிந்து கிடப்பதாலேயே உறவு ஏற்படாது என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னோரைப் பழித்து எழுதவில்லை. அதே மலை, அதே குவாரி, அதே கனிமங்கள். ஆனால் ஒரு கனிமத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் எந்தக் கனிமம் எதனோடு கூடி எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தார். பாடலில் ஓர் அருஞ்சொல்லை மட்டும் கண்டு திணை வகுப்பவருக்கும், முதல், கரு, உரி மூன்றையும் சேர்த்துப் பார்த்து வகுப்பவருக்கும் உள்ள வேறுபாடே ஹாலந்துக்கும் சுப்பிரமணியத்துக்கும் உள்ளது. அவருடைய பிரிப்பும் இறுதித் தீர்ப்பாகிவிடவில்லை. சார்னோக்கைட்டு என்ற சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதிலேயே நெடுங்காலம் வழக்கு நடந்தது. ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையும் கனிம நூலார் 1988-இல் கைவிட்டு, அதன் இனத்தை வேறு பெயர்களில் அடக்கிவிட்டனர். பழக்கம் காரணமாக நாம் இன்னும் அப்படியே எழுதுகிறோம். பெயர்ச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதில் ஓர் ஆறுதல்.

இதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மைசூர்ப் பகுதியின் நிலவியலில் பேர்பெற்ற சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கர்நாடகத்தில் கப்பால் என்ற இடத்துக் குவாரியில், சாம்பல் நிறக் கோடுகள் ஓடும் நைசுப் பாறை இருக்கிறது. அந்த வெளிறிய பாறைக்குள்ளேயே, துணியில் எண்ணெய்க் கறை பரவினாற்போல, கரும்பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. கோடுகள் திட்டின் ஓரம்வரை வந்து உள்ளே நுழைந்ததும் மங்கி மறைகின்றன. மணிகள் பருக்கின்றன. அத்திட்டுகளே சார்னோக்கைட்டு. உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்துபோன கல் அது. குழம்பாகப் பிறந்ததா, மாறிப் பிறந்ததா என்று நூலகத்தில் நடந்த வழக்குக்குச் சாட்சி குவாரியின் சுவரிலேயே நின்றது.

பயோட்டைட்டிலிருந்த நீரை வெளியேற்றியது யார் என்பது அடுத்த கேள்வி. இங்கே குமிழிகள் சாட்சி சொல்ல வந்தன. படிகம் வளரும்போது தன்னைச் சூழ்ந்த நீரையோ வாயுவையோ நுண்ணிய துளிகளாக உள்ளே அடைத்துக்கொள்ளும் என்பதைச் சார்பி 1858-இலேயே எழுதியிருந்தார். இத்தகைய வறண்ட பாறைகளில் அடைபட்ட துளிகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது அவற்றில் மிகுதியாக இருந்தது நீரன்று, கரியமில வாயு. ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு நீரை விரட்டியது என்ற கருத்து 1980-களில் வலுப்பெற்றது. கப்பால் அதற்கு முதற்சான்றாக எடுத்தாளப்பட்டது. எல்லாச் சார்னோக்கைட்டுக்கும் இதுவே காரணம் என்று அப்போது சிலர் பொதுமையாக்க முயன்றது, ஹாலந்து செய்த அதே தவற்றைப் புது உடையில் செய்தது என்பது என் எண்ணம். கப்பாலின் சிறு திட்டுகளுக்குப் பொருந்துவது, மலை மலையாக நிற்கும் நீலகிரிக்கும் பரங்கிமலைக்கும் பொருந்தியே தீரவேண்டும் என்பதில்லை. உருகிய குழம்பே நீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடவும் கூடும்.

இப்போது ஆயர் ஈத்தாமுக்குத் திரும்புவோம். பினாங்குக் கல்லிலும் இதேபோன்ற வாசிப்பு நடந்திருக்கிறது. நம் பாடநூல்களில் அதன் சாயல் இல்லை. டபிள்யூ. எஸ். ஓங் எழுதி 1993-இல் மலேசிய நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட அறிக்கை, தீவின் கிரானைட்டை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. எல்லை ஏறத்தாழ 5 பாகை 23 கலை அட்சக் கோட்டருகே, அதாவது ஆயர் ஈத்தாமுக்குச் சற்றுத் தெற்கே, செல்கிறது. சாலையில் செல்பவர் இந்த எல்லையைக் காணமாட்டார். இருபுறமும் ஒரே வெண்சாம்பல் கல். பிரித்தது எதை வைத்து? பொட்டாசியம் ஃபெல்சுபாரை வைத்து. தெற்கில் அது மைக்ரோக்ளின். வடக்கில் ஆர்த்தோக்ளேசு முதல் இடைநிலை மைக்ரோக்ளின் வரை.

இவ்விரு கனிமங்களுக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. அதே பொட்டாசியம், அதே அலுமினியம், அதே சிலிக்கன், அதே ஆக்சிஜன், அளவும் ஒன்றே. அலுமினியமும் சிலிக்கனும் இருக்கைகளில் அமர்ந்திருக்கும் ஒழுங்குதான் வேறு. ஆர்த்தோக்ளேசில் யார் எங்கு என்ற வரையறை முற்றுப்பெறவில்லை. மைக்ரோக்ளினில் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்துவிட்டது. பாறை மெதுவாக ஆறி, நீரின் துணையும் நெருக்கும் விசையும் கிடைத்தால் இந்த ஒழுங்கு நிறைவேறும். நுண்பெருக்கியில் மைக்ரோக்ளின், குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட கட்டம்போட்ட கைலித் துணியைப்போல் தெரியும். ஒருமுறை கண்டவர் மறவார். ஆக, ஒரு தீவின் வடபாதியும் தென்பாதியும் ஆறிய வகையில் வேறுபட்டவை என்ற செய்தி அணுக்களின் இருக்கை வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. ஹாலந்துக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் உண்டு. ஒழுங்குக்குக் காரணங்கள் பல ஆகையால் ஃபெல்சுபாரை மட்டும் வைத்துத் தெற்கின் கல் இத்தனை ஆண்டு ஆறியது என்று கணக்குச் சொல்ல முடியாது.

குழம்பு எதை உருக்கி வந்தது என்பது பற்றியும் இரண்டொரு சொல். பழைய படிவுப் பாறை உருகி வந்த கிரானைட்டு, எரிமலைப் பாறையின் இனம் உருகி வந்த கிரானைட்டு என இருவகை உண்டென ஆஸ்திரேலியாவில் சாப்பலும் ஒயிட்டும் 1974-இல் வகுத்தனர். தீபகற்பத்தின் மேற்குத் தொடரை முதல் வகையில் சேர்ப்பது வழக்கமாயிற்று. பேராக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மூலமான வெள்ளீயம் இவ்வகைக் கிரானைட்டோடு சேர்ந்தது. ஜப்பானிய அறிஞர் இஷிஹாரா 1977-இல் கூறிய பாகுபாட்டின்படி, இக்கிரானைட்டில் காந்த இரும்புக் கனிமம் குறைவு, இல்மனைட்டு உண்டு. ஆயர் ஈத்தாம் ஓடையின் மணலில் ஒரு சாதாரணக் காந்தத்தை உருட்டிப் பார்த்து இதை வகுப்பிலேயே சோதிக்கத் தொடங்கலாம். இவ்விருவகைப் பிரிவும் நாம் எண்ணியிருந்த அளவுக்குத் தூய்மையானது அன்று என்று 2015-இல் மலேசியக் கிரானைட்டுகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் வாதிடுகின்றன.

முன்னே விட்டுவந்த புலவரின் வாதத்துக்கு இனி விடை கூறலாம். கருங்கல் என்றால் வலிய கல் என்றே கொள்வோம். கொடிமலைச் சரிவில் புதிதாக வெட்டிய பாதையின் ஓரத்தில் நின்று பாருங்கள். கல்லின் தோற்றம் அப்படியே இருக்கும். வெள்ளை ஃபெல்சுபாரின் வடிவம், இடையே குவார்ட்சு, கரும்புள்ளி எல்லாம் தெரியும். விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். மழைநீர் நாள்தோறும் ஊறி ஊறி ஃபெல்சுபாரை வெண்களிமண் ஆக்கிவிட்டது. பயோட்டைட்டிலிருந்த இரும்பு துருவாகி மண்ணைச் செம்பழுப்பாக்கியது. குவார்ட்சு ஒன்றே மாறாமல் மணலாக எஞ்சி, ஓடை வழியே சுங்கை பினாங்குக்கு இறங்குகிறது. மக்கிய மண்ணின் நடுவே மக்காத கல் உருண்டைகள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. கெக் லோக் சி கோயிலைச் சுற்றிய சரிவுகளிலும் இத்தகைய பெரும் உருண்டைகளைக் காணலாம். பொறியாளர்கள் இந்த மக்கலை, புதுக்கல் முதல் முழு மண் வரை ஆறு படிகளாகப் பிரித்துக் கணக்கிடுகின்றனர். நாமோ ஆறு படிக்கும் சேர்த்து ஒரே சொல்லில் ‘கருங்கல் மலை’ என்கிறோம்.

இது சொல்லளவில் நிற்கும் செய்தியன்று. 2017 அக்டோபர் 21-ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மலைச்சரிவு விழுந்து 11 பேர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபர் 19-இல், ஆயர் ஈத்தாமை அடுத்த பாயா தெருபோங்கின் புக்கிட் குகுசில், சாலைப் பணி நடந்த இடத்தில் மண் சரிந்து 9 தொழிலாளர் இறந்தனர். இவற்றுக்கு ஃபெல்சுபார்தான் காரணம் என்று நான் கூறவில்லை. மலையை வெட்டிய முறை, மழை, வேலைப் பாதுகாப்பு ஆகியவை விசாரிப்பவருக்கு உரியவை. நான் கூறுவது, அச்சரிவுகளின் அடியில் வாழும் ஒரு பிள்ளையிடம் ‘உன் வீட்டுப் பின்புறம் கருங்கல் மலை’ என்று கற்பித்தால் அவன் மனத்தில் எழுவது அசையாத உறுதியின் படம் என்பதே. வெண்களிமண்ணாகிக்கொண்டிருக்கும் கல் என்று கற்பித்தால் எழுவது வேறு படம். வலிமை என்ற பொருளிலும் இச்சொல் இங்குப் பொருந்தவில்லை.

எண்ணெய் வாதத்துக்கும் ஒரு சொல். எண்ணெய் பொதுப்பெயர் ஆனபின் நாம் சும்மா இருக்கவில்லை. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று அடைகொடுத்துப் பிரித்தோம். கருங்கல்லுக்கு அந்தப் பிரிப்பைச் செய்யாமல் விட்டதுதான் குறை. கடைத்தெருவிலும் குவாரியிலும் கல்தச்சர் கருங்கல் என்று வழங்கட்டும். அவர் வேலைக்கு அது போதும். பாடநூலில் மட்டும் கிரானைட்டைக் கிரானைட்டு என்றும், சார்னோக்கைட்டைச் சார்னோக்கைட்டு என்றும் எழுதுவோம். பிறமொழிப் பெயர் என்று கூச வேண்டுவதில்லை. உலகத்தார் எல்லாரும் ‘கோரண்டம்’ என்று வழங்கும் கனிமத்தின் பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து சென்றது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மாணிக்க வகைகளுள் ‘விந்தம்’ என்று கூறுவதைக் குருவிந்தம் என்று உரைகாரர் விளக்குவர். சேலம் பக்கத்துக் குருந்தக் கல்லை அதன் தாய்ப்பாறையோடு ஆராய்ந்து பிரெஞ்சுக்காரர் பூர்னோன் 1802-இல் லண்டனில் எழுதினார். நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டியின் வெண்பாறையைச் சுப்பிரமணியம் 1956-இல் ஆராய்ந்தார். அப்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2-இன் ஊர்தியைச் சோதிப்பதற்கான செயற்கை நிலா மண்ணை அதை அரைத்தே செய்தனர். அவ்வளவும் நடந்தபின், தமிழ் மாணவன் குருந்தத்தைக் ‘கோரண்டம்’ என்று படித்துக் கிரானைட்டைக் கருங்கல் என்று படிக்கிறான். நம்மிடம் இருந்த சொல்லை விட்டுவிட்டு, பொருந்தாத சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த பதிப்பில் பாறைப் பாடத்தைத் திருத்துவோர் ஒரு பட்டியலுக்குப் பதிலாக ஒரு பயிற்சியைச் சேர்க்கலாம். ஆயர் ஈத்தாம் ஓடை மணலில் ஒரு கையளவு, சரிவின் மக்கிய மண்ணில் ஒரு கையளவு, புதிதாக உடைந்த கல் ஒரு துண்டு. மூன்றையும் வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சால் பார்க்கச் செய்ய வேண்டும். மூன்றிலும் இருப்பது எது, ஒன்றில் இருந்து மற்றதில் காணாமற் போனது எது என்று மாணவனே எழுதட்டும். பல்லாவரத்திலிருந்து உறவினர் யாரேனும் வருவதாயின் ஒரு ஜல்லித் துண்டு கொண்டுவரச் சொல்லி நான்காவதாக அதன் பக்கத்தில் வைக்கலாம்.